கத்தும் இன்வெர்ட்டரும் காணாமற்போன 1.4 வோல்ட்டும்

முதல் நாள்

ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியபோது வெயில் சாய்ந்திருந்தது. ஆறு மணி நேரம் ஓட்டிய அலுப்பில் அண்ணன் ஸ்டியரிங்கிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டார். வெந்நீர் வைக்கலாம் என்று கெட்டிலைச் செருகிச் சுவிட்சைப் போட்டேன். தண்ணீர் முனகத் தொடங்குவதற்குள், இருக்கைக்கு அடியிலிருந்த இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்தியது. அடுத்த அரை நிமிடத்தில் அதன் பச்சை விளக்கு சிவப்பானது. கெட்டில் அணைந்துவிட்டது. எல்லாவற்றையும் அணைத்து மறுபடி போட்டோம். மறுபடியும் அதே கதை. இந்த முறை இன்னும் சீக்கிரம்.

இந்த கேம்பர் வேன் எங்களிடம் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பழைய வண்டி, ஒயரிங் முழுவதும் முன்பு வைத்திருந்தவர் காலத்தில் செய்தது. உள்ளே இருப்பவற்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் எண்களுக்குத் தேவைப்படும். 100 ஆம்பியர்-மணி கொண்ட 12 வோல்ட் ஏ.ஜி.எம். (லெட் ஆசிட் வகை) பேட்டரிகள் இரண்டு, இணையாகச் சேர்க்கப்பட்டவை. 2,000 வாட் ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் ஒன்று. பேட்டரியின் 12 வோல்ட் டி.சி.யை 230 வோல்ட் ஏ.சி.யாக்கித் தருகிறது. இரண்டுக்கும் நடுவே 35 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், போக இரண்டு மீட்டர், வர இரண்டு மீட்டர். பாசிட்டிவ் பக்கத்தில் 150 ஆம்பியர் ஃபியூஸும், இணைப்பைத் துண்டிக்க ஓர் ஐசொலேட்டர் சுவிட்சும் இருக்கின்றன. கெட்டில் 1,000 வாட். இத்தனை பெரிய இன்வெர்ட்டருக்கு அது ஒரு சுமையே இல்லை.

மல்டிமீட்டரை எடுத்துப் பேட்டரியில் வைத்தேன். 12.7 வோல்ட். லெட் ஆசிட் வகைப் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.7 காட்டினால் அது நிறைந்திருக்கிறது என்று பொருள்.

"பேட்டரி நன்றாக இருக்கிறது. அப்படியானால் இன்வெர்ட்டர்தான் போய்விட்டது. வேறு வாங்கி மாட்டிவிடுவோம், பாப்பா" என்றார் அண்ணன்.

நான் எலக்ட்ரீஷியன் பயிற்சி முடித்து, கட்டடங்களில் பதினான்கு ஆண்டுகள் வேலை செய்தவள். அளந்து பார்க்காமல் எதையும் கழற்றி எறிய எனக்கு மனம் வருவதில்லை. "ஒரு நாள் பொறுங்கள் அண்ணா" என்று சொல்லி வைத்திருக்கிறேன். படுத்த பிறகும் அந்த 12.7 மனத்தில் உறுத்துகிறது. அது பேட்டரி ஓய்வில் இருந்தபோது சொன்ன எண். இன்வெர்ட்டர் கத்தியதோ சுமை ஏறிய பிறகு. நோயாளி படுத்திருக்கும்போது நாடி பார்த்துவிட்டு, மாடிப்படி ஏறினால் ஏன் மூச்சிரைக்கிறது என்று கேட்பதைப் போல் இருக்கிறது நான் செய்தது.

இரண்டாம் நாள்

காலையில் முதல் வேலையாகச் சுமையோடு அளந்தோம். இதற்கு இரண்டு பேர் வேண்டும். அண்ணன் கெட்டில் சுவிட்சில் கை வைத்திருந்தார்; நான் மீட்டரோடு தரையில் குப்புறப் படுத்துக்கொண்டேன். மீட்டரின் முள்ளை, அதாவது அதன் ஒயரின் கூர்முனையை, பேட்டரி கிளாம்பில் வைக்காமல், நடுவில் தெரியும் ஈயக் கம்பத்தின் தலையிலேயே வைத்தேன். கிளாம்புக்கும் கம்பத்துக்கும் நடுவேகூடக் குறை இருக்கலாம் அல்லவா?

"போடுங்கள்."

பேட்டரியில் 12.7 என்பது 12.1 ஆகி அங்கேயே நின்றது. இந்த அளவு பேட்டரியில் சுமார் 100 ஆம்பியர் இழுத்தால் இவ்வளவு இறங்குவது இயல்புதான். கெட்டிலை அணைத்து, இப்போது இன்வெர்ட்டரின் இரண்டு முனைகளில் வைத்தேன்.

"போடுங்கள்."

10.7!

இன்வெர்ட்டர் கத்தியது. எங்கள் இன்வெர்ட்டரின் கையேட்டில் 11 வோல்ட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கை ஒலி, 10.5க்குக் கீழே போனால் நிறுத்தம் என்று இருக்கிறது. ஆக, அது தன் கடமையைத்தான் செய்துகொண்டிருந்தது. தனக்கு வந்து சேர்வது போதவில்லை என்று கத்தியதைத்தான் நாங்கள் பழுது என்று நினைத்துவிட்டோம்.

பேட்டரி 12.1 கொடுக்கிறது, இன்வெர்ட்டருக்கு 10.7 போய்ச் சேருகிறது. நடுவே இருப்பது இரண்டு மீட்டர் தூரம். அதற்குள் 1.4 வோல்ட் உதிர்ந்துபோகிறது. உதிர்வது மாயமாக மறைந்துவிடாது, வெப்பமாகத்தான் மாறும். 1.4 வோல்ட்டை 100 ஆம்பியரால் பெருக்கினால் 140 வாட். இந்த மரப்பலகைகளுக்கு அடியில், நாங்கள் தூங்கும் கட்டிலுக்குப் பக்கத்தில், எங்கோ 140 வாட் சூடு கிளம்புகிறது. கெட்டில் கொதிக்காதது எனக்குக் கவலையாக இல்லை. இதுதான் கவலை.

அண்ணனுக்குச் சொன்ன கணக்கை இங்கேயும் எழுதிவிடுகிறேன். வீட்டில் 230 வோல்ட்டில் இதே கெட்டில் இழுப்பது 4.3 ஆம்பியர். வழியில் ஒயர் இணையும் ஒரு மூட்டு கெட்டுப்போய் 0.01 ஓம் தடை ஏறியிருந்தால், இழப்பு 0.04 வோல்ட். 230இல் அது யாருக்குத் தெரியும்? 12 வோல்ட்டில் அதே கெட்டிலுக்கு, இன்வெர்ட்டரின் சொந்த இழப்பையும் சேர்த்து, 90 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அதே 0.01 ஓம் இங்கே கிட்டத்தட்ட ஒரு முழு வோல்ட்டை விழுங்கிவிடும், அதுவும் இருக்கிற பன்னிரண்டில். கட்டடத்தில் நான் ஆண்டுக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கக்கூடிய ஒரு மூட்டு, வண்டியில் தீக்குச்சிக்குச் சமம்.

இன்னொன்றும் உண்டு. இன்வெர்ட்டர் வெளியே கொடுக்க வேண்டிய வாட்டைக் குறைக்காது. உள்ளே வோல்ட் குறைந்தால், அதை ஈடுகட்ட ஆம்பியரைக் கூட்டி இழுக்கும். ஆம்பியர் கூடினால் வழியில் இழப்பு இன்னும் கூடும். வோல்ட் இன்னும் இறங்கும். நேற்று இரண்டாம் முறை சீக்கிரமாக நின்றதற்குக் காரணம் புரிந்துவிட்டது. சூடேறிய மூட்டின் தடை இன்னும் ஏறியிருந்தது.

"ஒயர் மெல்லியதோ?" என்று கேட்டார் அண்ணன். நல்ல கேள்வி. 35 சதுர மில்லிமீட்டர் செம்பில் நான்கு மீட்டருக்குத் தடை 0.002 ஓம், 100 ஆம்பியரில் 0.2 வோல்ட் போகும். மீதி 1.2க்கு ஒயர் பொறுப்பில்லை. குற்றவாளி ஏதோ ஒரு மூட்டு.

தேடத் தொடங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பலகையைக் கழற்றிக் கதவைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டிய வேலை. நாளை பார்க்கலாம்.

மூன்றாம் நாள்

மழை நிற்கவில்லை. நாள் முழுவதும் மலைச்சாலையில் ஓட்டினோம். கெட்டில் பக்கமே போகவில்லை.

ஒரே ஒரு செய்தி. காலையில் பேட்டரி 12.4க்கு வந்திருந்தது. நேற்றைய சோதனைகளும் ஃப்ரிட்ஜும் ஒரு பங்கு இழுத்திருக்கும். ஆனாலும் சந்தேகம் வந்து ஒயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் டி.சி. கிளாம்ப் மீட்டரை இன்வெர்ட்டர் ஒயரில் மாட்டிப் பார்த்தேன். எதுவுமே செருகாதபோதும் 1.6 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. இன்வெர்ட்டர் விழித்திருப்பதற்கே ஆகும் செலவு அது. பதினொரு மணி நேர இரவில் கிட்டத்தட்ட 18 ஆம்பியர்-மணி. இனிமேல் படுக்கும் முன் இன்வெர்ட்டரை அணைப்பது அண்ணனின் பொறுப்பு. ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் ஏறியதால் மாலைக்குள் பேட்டரி தேறிவிட்டது.

நான்காம் நாள்

காலை ஆறரை மணிக்கே வானம் வெளுத்துவிட்டது. காட்டோரம், சமதரை, ஆள் நடமாட்டம் இல்லை. இன்றைக்கு விடுவதில்லை என்று உட்கார்ந்தோம்.

முதலில் மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைத்தேன். ஸ்பேனரின் கைப்பிடி முழுவதும் இன்சுலேஷன் டேப் சுற்றினேன். வாய் மட்டும் வெளியே தெரிந்தால் போதும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்ற துணிச்சலில் பலர் இதைச் செய்வதில்லை. ஷாக் அடிக்காதுதான். ஆனால் பாசிட்டிவ் முனையில் மாட்டிய ஸ்பேனர் தவறிப்போய் வண்டியின் இரும்பைத் தொட்டால், பேட்டரி ஆயிரக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் கொட்டிவிடும். ஸ்பேனர் பழுத்து ஒட்டிக்கொள்ளும். விரலில் மோதிரம் இருந்தால் விரலோடு போகும்.

தேடும் முறை எளிதுதான், பொறுமைதான் வேண்டும். மீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டில் வைத்துக்கொண்டு, ஒரு மூட்டின் இந்தப் பக்கம் ஒரு முள், அந்தப் பக்கம் ஒரு முள். சுமை இல்லாதபோது எந்த மூட்டும் சுழியம்தான் காட்டும். அப்போது எல்லா மூட்டுகளும் நல்ல மூட்டுகள். சுமையைப் போட்டால்தான் உள்ளதைச் சொல்லும். ஒவ்வொரு மூட்டுக்கும் கெட்டிலை இருபது நொடி மட்டும் ஓட விட்டோம்.

முதலில் பாதையை இரண்டாகப் பிரித்தேன். பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்திலிருந்து இன்வெர்ட்டரின் பாசிட்டிவ் முனை வரை 0.3 வோல்ட். ஃபியூஸ், சுவிட்ச் எல்லாம் அந்த வழியில் இருப்பதால் என் சந்தேகம் முழுக்க அங்கேதான் இருந்தது, வீண் சந்தேகம். நெகட்டிவ் பக்கம் வைத்தேன். 1.1 வோல்ட். ஃபியூஸும் இல்லாத, சுவிட்சும் இல்லாத, வெறும் ஒயரும், ஒயர்கள் வந்து கூடும் பித்தளைப் பட்டையான ஒரு பஸ்பாரும் மட்டும் உள்ள பக்கம்!

பிறகு ஒவ்வோர் அடியாக. பேட்டரி கம்பத்துக்கும் கிளாம்புக்கும் நடுவே 60 மில்லிவோல்ட். ஒயரின் நீளத்தில் 120 சொச்சம். பஸ்பாரில் அந்த ஒயர் வந்து சேரும் இடத்தில், ஒயர் முனையில் மாட்டியிருக்கும் செம்பு வளையமான லக்கில் ஒரு முள்ளையும் பஸ்பாரின் பித்தளையில் இன்னொரு முள்ளையும் ஊன்றினேன். நடுவே இருப்பது ஒரு விரல் அகலம்.

"போடுங்கள் அண்ணா."

மீட்டரின் எண் ஒரு கணம் தடுமாறிவிட்டு 0.91 வோல்ட்டில் நின்றது. பத்து நொடிக்குள் 0.93. கண் முன்னாலேயே ஏறுகிறது. பொசுங்கிய ரப்பர் வாடை லேசாக வந்தது. "அணையுங்கள், அணையுங்கள்!" என்று கத்திவிட்டேன்.

பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றி ஓரமாகத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, அந்த நட்டில் ஸ்பேனரை மாட்டினேன். பார்வைக்கு இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்பேனருக்கு வேலையே வைக்காமல் விரலோடு சுழன்று வந்தது. கழற்றியவற்றை வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தேன். மேலே நட்டு, அதற்குக் கீழே லக், அதற்கும் கீழே தட்டை வாஷர், அதற்குக் கீழே ஸ்பிரிங் வாஷர், கடைசியில் பஸ்பார்.

இந்த வரிசையில்தான் எல்லாம் கெட்டது. லக்கின் செம்பு முகம் பஸ்பாரின் முகத்தோடு நேரே படிந்து உட்கார வேண்டும். மின்சாரம் கடக்கிற வாசல் அதுதான். வாஷர்கள் லக்குக்கு மேலே, நட்டுக்குக் கீழே இருக்க வேண்டியவை. அவற்றின் வேலை இறுக்கிப் பிடிப்பது மட்டும். இங்கே அவற்றை லக்குக்கும் பஸ்பாருக்கும் நடுவே போட்டிருக்கிறார்கள். ஓர் அகலமான முகம் படிய வேண்டிய இடத்தில், எஃகு வளையங்களின் மெல்லிய விளிம்புகள் தொட்டும் தொடாமலும் நின்றிருக்கின்றன. அத்தனை ஆம்பியரும் அந்த விளிம்புகள் வழியாகவும் போல்ட்டின் மரைகள் வழியாகவும் நெருக்கியடித்துப் போயிருக்கிறது. சூடேறி ஆறி, சூடேறி ஆறி, சாலையின் அதிர்வும் சேர்ந்து நட்டு தளர்ந்துவிட்டது. தளர்ந்ததும் சூடு இன்னும் கூடியிருக்கிறது. ஸ்பிரிங் வாஷர் தன் சுருள் தன்மையை இழந்து தட்டையாகக் கிடந்தது. லக்கின் அடிமுகம் கரியாகக் கறுத்து, ஓரத்தில் மயில் கழுத்தைப் போல ஊதாவும் நீலமும் ஓடியிருந்தது. செம்பு அளவுக்கு மீறிச் சுட்டதற்கு அடையாளம் அது. அதன் கழுத்தில் போட்டிருந்த ரப்பர் உறை நகம் பட்டதும் முட்டை ஓடு மாதிரி உதிர்ந்தது.

அண்ணன் லக்கைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். "புது இன்வெர்ட்டர் வாங்கியிருந்தால்?" என்றார்.

"அதுவும் கத்தியிருக்கும், அண்ணா."

லக் இன்னும் ஒயரைக் கெட்டியாகத்தான் பிடித்திருந்தது. இழுத்தும் முறுக்கியும் பார்த்துவிட்டேன். நைஸான உப்புத்தாளால் லக்கையும் பஸ்பாரையும் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்தேன். லக்கை நேரே பஸ்பாரில் படிய வைத்து, அதன் மேல் தட்டை வாஷர், புதிய ஸ்பிரிங் வாஷர், நட்டு. நன்றாக இறுக்கியபின் நட்டிலிருந்து பஸ்பார் வரை மார்க்கரால் ஒரு நேர்க்கோடு இழுத்தேன். நட்டு இம்மி நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

திரும்ப இணைக்கும்போது ஒரு சின்ன உபாயம். இன்வெர்ட்டருக்குள் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. காலியாக இருக்கும் அவற்றைச் சட்டென்று பேட்டரியோடு சேர்த்தால் பளீரென்று பொறி பறக்கும். சுவிட்சின் முனைகள் பொரிந்து, இன்னொரு கெட்ட மூட்டுக்கு நாமே விதை போட்டதாகிவிடும். அதனால் ஐசொலேட்டரைத் திறந்த நிலையில், அதாவது இணைப்பு துண்டித்தபடி, வைத்துவிட்டு நெகட்டிவை மாட்டினேன். பிறகு 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றின் இரு ஒயர்களையும் ஐசொலேட்டரின் இரு முனைகளிலும் தொட்டேன். பல்பு ஒளிர்ந்து, மெல்ல மங்கி, அணைந்தது. கெப்பாசிட்டர்கள் நிறைந்துவிட்டன. அதன் பிறகு ஐசொலேட்டரைத் திருப்பியபோது சத்தமே இல்லை. இதைச் செய்யும்போது இன்வெர்ட்டரின் சொந்தச் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும்.

கெட்டில். பேட்டரியில் 12.1, இன்வெர்ட்டரில் 11.6. அந்த மூட்டில் 0.03. சத்தமில்லை, சிவப்பு விளக்கில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஏழு நிமிடத்தில் தளதளவென்று கொதித்தது. அண்ணன் ஏழு நிமிடமும் கெட்டிலுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

இந்த ஒரு லிட்டருக்குப் பேட்டரியிலிருந்து சுமார் 11 ஆம்பியர்-மணி போகிறது என்பதையும் குறித்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள்

கடலோரம். உப்புக் காற்றில் எல்லாம் பிசுபிசுக்கிறது.

நான்கு நாளாகக் கண்ணில் பட்டும் பேசாமல் விட்ட ஒன்று: தண்ணீர் பம்ப் ஓடும்போதெல்லாம் உள் விளக்குகள் மங்குகின்றன. நேற்றைய உற்சாகத்தில் அதையும் பிடித்துவிட்டேன். பம்புக்கும் விளக்குகளுக்கும் திரும்பும் வழி ஒன்றே. ஒரே எர்த் போல்ட் வழியாக வண்டியின் உடம்புக்குப் போகிறது. அந்த லக்கில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. கழற்றினால், அடியில் வண்டியின் பெயின்ட் அப்படியே இருக்கிறது! பெயின்ட் மேலேயே லக்கை வைத்து முறுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் மரை மட்டுமே இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. லக் அளவுக்குப் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு மின்னியதும் இறுக்கி, மேலே கிரீஸ் தடவி ஈரம் புகாமல் மூடினேன். பம்ப் ஓடுகிறது, விளக்கு அசையவில்லை. அரை மணி நேர வேலை.

ஆறாம் நாள்

இன்று கேம்ப் மைதானம் ஒன்றில் இடம் கிடைத்தது. கம்பத்தில் 230 வோல்ட் இணைப்பு உண்டு. இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்று வண்டியின் ஒயரைச் செருகினோம். பேட்டரி சார்ஜரைப் போட்டதும் கம்பத்திலிருந்த ஆர்.சி.சி.பி. பட்டென்று விழுந்தது. போகும் மின்சாரத்துக்கும் திரும்பி வரும் மின்சாரத்துக்கும் 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு வந்தால் இணைப்பை அறுக்கும் காவலாளி அது. எங்கோ கசிகிறது என்று பொருள்.

சார்ஜரை எடுத்துவிட்டுக் கெட்டிலைப் போட்டோம். அதற்கும் விழுந்தது. முற்றிலும் வேறான இரண்டு பொருள்கள் ஒரே நாளில் ஒரே மாதிரி கெட்டுப்போகாது. வண்டியின் ஒயரிங்கில்தான் கோளாறு.

ஒயரைக் கம்பத்திலிருந்து பிடுங்கி, பிளக்கை என் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். 230 வோல்ட் வேலையில் எனக்கு இது சட்டம்: பிளக் என் கண் முன்னால் இருக்க வேண்டும். இன்வெர்ட்டரும் அணைந்தது, ஐசொலேட்டரும் திறந்தது. மீட்டரால் உயிர் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, பிளக்கின் நியூட்ரல் பின்னிலும் எர்த் பின்னிலும் முள்ளை வைத்தேன். பீப் என்றது. வண்டிக்குள் நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்திருக்கின்றன. வெளி இணைப்பில் நிற்கும் வண்டியில் அவை சேரவே கூடாது. சேர்ந்தால், நியூட்ரல் வழியாக முழுதும் திரும்ப வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு எர்த் வழியாக நழுவும். காவலாளி அதைத்தான் பிடித்திருக்கிறது.

எங்கே சேர்ந்திருக்கின்றன? இன்வெர்ட்டரின் வெளியீட்டைக் கழற்றினேன். பீப் நின்றது.

இன்வெர்ட்டருக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து ஓர் இணைப்பு உண்டு. அது தவறில்லை, தேவையானது. தவறு, வெளி இணைப்பையும் இன்வெர்ட்டரையும் மாற்றித் தரும் சேஞ்ச்ஓவர் சுவிட்சில். அது ஃபேஸை மட்டும் மாற்றுகிறது. நியூட்ரல்கள் இரண்டையும் ஒன்றாக முறுக்கிச் சுவிட்சுக்கு வெளியே நிரந்தரமாகக் கட்டிவிட்டிருக்கிறார்கள். அதனால் இன்வெர்ட்டர் தூங்கும்போதும் அதன் நியூட்ரல்-எர்த் இணைப்பு வெளிக் கம்பியோடு உறவாடிக்கொண்டே இருக்கிறது.

"இன்வெர்ட்டருக்குள் இருக்கிற அந்த இணைப்பை வெட்டிவிட்டால் சரியாகிவிடுமே?" என்றார் அண்ணன். கம்பத்தில் விழுவது நின்றுவிடும், உண்மைதான். பலர் இதைத்தான் செய்கிறார்கள், இதைத்தான் செய்யக் கூடாது. அந்த இணைப்பு இல்லாமல் இன்வெர்ட்டரில் ஓடும்போது, ஏதோ ஒரு கருவியின் ஃபேஸ் அதன் உடம்பைத் தொட்டால், அந்த மின்சாரம் திரும்பி வர வழியே இருக்காது. வேறுபாடு ஏற்படாததால் வண்டிக்குள் இருக்கும் எங்கள் ஆர்.சி.சி.பி. விழாது. முதல் கசிவு யாருக்கும் தெரியாமல் காத்திருக்கும். இரண்டாவது கசிவு வரும் நாளில் உயிருக்கு ஆபத்து. அந்த நிலையிலும் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழத்தான் செய்யும். அந்தப் பொத்தான் எர்த்தைத் தொடுவதே இல்லை, ஃபேஸிலிருந்து நியூட்ரலுக்கு ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சுற்றி விடுகிறது. பொத்தான் வேலை செய்கிறது என்று நம்பிப் படுத்துவிடுவோம். எனக்கு இதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

இரவு டார்ச் வெளிச்சத்தில் 230 வோல்ட் வேலை வேண்டாம். பேட்டரியிலேயே சமாளிக்கிறோம்.

ஏழாம் நாள்

சரியான சேஞ்ச்ஓவர் என்றால் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை விட்ட பிறகே மற்றொன்றைத் தொட வேண்டும். வெளி மின்சாரமும் இன்வெர்ட்டரும் ஒரு கணம் மோதிக்கொண்டாலும் இன்வெர்ட்டர் கருகிவிடும். அப்படியொரு சுவிட்ச் கைவசம் இல்லை. அதனால் சுவிட்சே இல்லாத வழியைத் தேர்ந்தேன். பழைய சுவிட்சை எடுத்துவிட்டு, வண்டியின் உள் ஒயரிங் முழுவதையும் ஒரே ஒரு பிளக்கில் கொண்டுவந்து முடித்தேன். அருகருகே இரண்டு சாக்கெட்: ஒன்று வெளி இணைப்பிலிருந்து வருவது, இன்னொன்று இன்வெர்ட்டருடையது. பிளக் ஒன்றுதான் என்பதால் ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். மறந்தாலும் தவறு செய்ய வழியில்லை.

ஒயர் முனைகளுக்கு, இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சிறு உலோகக் குழாயான ஃபெருல் மாட்டினேன். உள்ளே சில இடங்களில் வீடுகளில் போடும் ஒற்றைக் கம்பி ஒயர் இருந்தது. வண்டி அதிர்வில் அது ஸ்க்ரூவுக்குப் பக்கத்திலேயே முறிந்துவிடும். கைக்கெட்டிய மூன்று இடங்களில் பல இழை ஒயராக மாற்றிவிட்டேன். இன்னும் இரண்டு இடம் பாக்கி.

அண்ணன் ஒன்றைக் கவனித்தார், எனக்குத் தோன்றவில்லை. "பிளக் இன்வெர்ட்டரில் இருக்கும்போது பேட்டரி சார்ஜரும் அதிலேயே ஓடுமே?" ஓடும். பேட்டரி இன்வெர்ட்டருக்குக் கொடுக்க, இன்வெர்ட்டர் சார்ஜருக்குக் கொடுக்க, சார்ஜர் திரும்பப் பேட்டரிக்கே கொடுக்க, ஒவ்வொரு சுற்றிலும் இழப்புதான் மிச்சம். சார்ஜரை வெளி இணைப்பு சாக்கெட்டுக்கு முன்பாகவே, அதற்கென்று ஒரு பிரேக்கரோடு பிரித்துக் கொடுத்தேன்.

மதியம் கம்பத்தில் செருகினோம். சார்ஜர் போட்டோம். கெட்டில் போட்டோம். இரண்டையும் சேர்த்துப் போட்டோம். காவலாளி அசையவில்லை. பிளக்கை இன்வெர்ட்டருக்கு மாற்றி, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தேன்: 230. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே சுழியம். இணைப்பு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. அது இல்லாமல் மிதக்கும் இன்வெர்ட்டராக இருந்தால் இரண்டு பக்கமும் எர்த்துக்குச் சுமார் 115 என்று பாதிப் பாதியாகக் காட்டும்.

2,000 வாட்டை முழுதாக இழுத்தால் பேட்டரி பக்கம் 200 ஆம்பியரைத் தொடும். அப்படித் தொடர்ந்து இழுத்தால் எங்கள் 150 ஆம்பியர் ஃபியூஸ் போய்விடும், போகவும் வேண்டும். ஃபியூஸ் இருப்பது இன்வெர்ட்டருக்காக அல்ல, ஒயருக்காக. ஊர் திரும்பியதும் 70 சதுர மில்லிமீட்டர் ஒயரும் அதற்கேற்ற ஃபியூஸும். அதுவரை 1,000 வாட்டுக்கு மேல் எதுவும் செருகுவதில்லை.

இருக்கைக்கு அடியிலுள்ள பலகையின் உட்புறம் மார்க்கரால் எழுதி வைத்தேன், கெட்டில் ஓடும்போது எடுத்தவை: பேட்டரி 12.1, இன்வெர்ட்டர் 11.6, நெகட்டிவ் பஸ்பார் 0.03, பேட்டரி கிளாம்ப் 0.06, ஃபியூஸ் பிடிப்பான் 0.12. கடைசி எண் எனக்குப் பிடிக்கவில்லை. கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறது. நாளை காலை புறப்படும் முன் அதைக் கழற்றிப் பார்க்கப் போகிறேன். கீழே அடுத்த வரிசைக்கு இடம் விட்டு, அண்ணன் இன்றைய கிலோமீட்டர் எண்ணை ஓரத்தில் எழுதினார்.